துணியில் வேகும் டம்ப்ளிங், தரை அதிரும் ஆட்டம்: ஸ்காட்லாந்தில் ஒரு கிறிஸ்துமஸ் வாரக்கடைசி

ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே, உடற்பயிற்சி வகுப்பில் பந்தை ஓரங்கட்டிவிட்டு அக்கார்டியன் இசையைப் போட்டுவிடுவார்கள். பள்ளி பார்ட்டியில் ஆட வேண்டிய ஆட்டங்களைப் பிள்ளைகள் பழகும் நேரம் அது. பதினொரு வயதுப் பையன் கூச்சத்தில் ஸ்வெட்டர் கையை விரல்நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பளிக்கு மேலாகத்தான் ஜோடியின் கையைப் பிடிப்பான். இப்படி அரைமனதாகக் கற்றதுதான் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. பாட்டிக்குத் தெரிந்த அதே ஆறேழு ஆட்டம்தான் பேத்திக்கும் தெரியும். குடும்பமாகச் சேர்ந்து ஆட முடிவதற்குக் காரணமும் அதுதான்.

இந்த ஆட்ட இரவுக்குக் கேய்லி என்று பெயர். தமிழ்க் காதில் ‘கேலி’ என்று விழும். ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கில் அதற்குப் பொருள், ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. குளிர்கால இரவில் அக்கம்பக்கத்தார் ஒரே வீட்டில் கூடிக் கதையும் பாட்டுமாகப் பொழுது போக்கினார்கள். காலப்போக்கில் அதில் ஆட்டம் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனி, ஞாயிறை இதைச் சுற்றி அமைக்க நினைப்பவர்கள் கால் வைக்கும் முறையைப் பற்றிக் கவலைப்படுவார்கள். உண்மையில் சொதப்புவது பெரும்பாலும் வரிசைதான்: எதை எப்போது அடுப்பில் ஏற்றுவது, எந்த ஆட்டத்துக்குப் பிறகு எந்த ஆட்டம், யாரை யாரோடு நிறுத்துவது.

சனிக்கிழமையைத் தேர்வதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. இங்கே கிறிஸ்துமஸ் நெடுநாள் ஒதுக்கிவைக்கப்பட்ட பண்டிகை. பைபிளில் சொல்லப்படாத கொண்டாட்டம் என்று சீர்திருத்தத் திருச்சபை அதை வெறுத்தது. 1640-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் யூல் எனும் கிறிஸ்துமஸ் விடுமுறையையே சட்டம் போட்டு ஒழித்தது. டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958-இல்தான், 26-ஆம் தேதி அதற்கும் பிறகு 1974-இல். அதுவரை கிறிஸ்துமஸ் அன்று வேலைக்குப் போனவர்கள் ஏராளம். கொண்டாட்டமெல்லாம் ஆண்டின் கடைசி இரவான ஹாக்மனேக்குப் போய்விட்டது. அதே திருச்சபைக் கண்டிப்பில் ஞாயிறு ஓய்வு நாள் என்பதால், சனி இரவு ஆட்டம் பன்னிரண்டு அடிப்பதற்குள் முடிந்தாக வேண்டியிருந்தது. இப்போது அப்படிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனாலும் பதினொன்றரைக்கு முடிப்பது நல்ல வழக்கம்தான், குழந்தைகள் இருக்கும் வீட்டில் குறிப்பாக.

வெள்ளி இரவு டேப்லெட் கிண்ட வேண்டும். பெயரைப் பார்த்து மாத்திரை என்று எண்ண வேண்டாம். மைசூர்பாகு போல வில்லை போடும், பால்கோவா போல மணல்மணலாகக் கரையும் இனிப்பு இது. சர்க்கரை 900 கிராம், வெண்ணெய் 115 கிராம், பால் 250 மில்லி, 397 கிராம் கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், கொதிக்கும்போது கலவை மூன்று மடங்கு பொங்கும். முதலில் பால், வெண்ணெய், சர்க்கரையை மிகச் சிறு தீயில் வைத்து, கரண்டியின் பின்புறத்தில் ஒரு மணிகூட நெருடாத அளவுக்குக் கரைக்க வேண்டும். அவசரப்பட்டால் கரையாத சர்க்கரை பின்னால் கரடுமுரடாகக் கட்டிக்கொள்ளும். பிறகு கண்டென்ஸ்டு மில்க் சேர்த்து இருபது நிமிடம் போல, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே கொதிக்கவிட வேண்டும். வெப்பமானி இருந்தால் 116 முதல் 118 டிகிரி செல்சியஸ். இல்லையென்றால் நம் பாகுப் பதம்தான்: குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்ற உருண்டையாகத் திரள வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது அதற்கடுத்த கட்டத்தில். இறக்கியதும் தட்டில் கொட்டிவிட்டால் அது பிசுபிசுவென்று இழுக்கும், டேப்லெட் ஆகாது. இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, மரக்கரண்டியால் ஐந்து முதல் பத்து நிமிடம் அடிக்க வேண்டும். பளபளப்பு மங்கிக் கலவை கனத்து, கரண்டி நகரும்போது பாத்திரத்தின் அடி ஒரு கணம் தெரிந்தால் பதம். உடனே வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டிவிட வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் பாத்திரத்திலேயே இறுகிவிடும். இளஞ்சூட்டில் கத்தியால் கோடு போட்டு வைத்தால் மறுநாள் சுலபமாக உடையும். தித்திப்பு திகட்டும், ஒன்றரை அங்குலத் துண்டே ஒருவருக்குப் போதும்.

வெண்ணெய் பிஸ்கட்டான ஷார்ட்பிரெட்டுக்குக் கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று: சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மாவு 300. பிசையக் கூடாது, கூட்டிச் சேர்த்தால் போதும். பிசைந்தால் ரப்பர்.

சனிக்கிழமையின் நாயகன் க்ளூட்டி டம்ப்ளிங். க்ளூட் என்றால் ஸ்காட்ஸ் மொழியில் துணி. பழமும் மசாலாவும் கலந்த மாவைத் துணியில் மூட்டை கட்டிக் கொதிக்கும் தண்ணீரில் மூன்று மணி நேரத்துக்குமேல் வேகவைக்கும் புட்டிங் இது. பத்துப் பேருக்கு மைதா 225 கிராம், ரொட்டித்தூள் 110, கொழுப்புத் துருவல் 110, பழுப்புச் சர்க்கரை 110, சுல்தானா திராட்சை 225, கரன்ட் எனும் கறுப்புப் பொடித் திராட்சை 110, துருவிய ஆப்பிள் ஒன்று, பட்டைத்தூள், சுக்குத்தூள், மிக்ஸ்டு ஸ்பைஸ் எனும் இனிப்புக்கான மசாலாக் கலவை ஒவ்வொரு தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, கருந்திரவ வெல்லம் ட்ரீக்கிள் ஒரு மேசைக்கரண்டி, முட்டை ஒன்று, மோர் சுமார் 150 மில்லி. மாட்டுக்கொழுப்பு வேண்டாதவர்கள் காய்கறிக் கொழுப்புத் துருவல் வாங்கலாம், அல்லது உறையவைத்த வெண்ணெயைத் துருவிப் போடலாம். மாவு கரண்டியிலிருந்து தானாக விழக் கூடாது, தட்டினால் தொப்பென்று விழ வேண்டும். அதுதான் பதம்.

அறுபது எழுபது சென்டிமீட்டர் சதுரத்தில் கெட்டியான பருத்தித் துணி வேண்டும். இட்லித் துணியை நனைத்துப் பிழிந்து விரிப்பது போலத்தான் தொடக்கம், ஆனால் இங்கே தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். பிழிந்து விரித்த சூட்டோடு இரண்டு மூன்று மேசைக்கரண்டி மாவும் சிறிது சர்க்கரையும் தூவி உள்ளங்கையால் தேய்த்து, மீதியை உதறிவிட வேண்டும். ஈரத்தில் ஒட்டிய அந்த மாவுப் படலம்தான் பிறகு டம்ப்ளிங்கின் தோலாகிறது. தூவ மறந்தால் தோல் இல்லை. தோல் இல்லாத டம்ப்ளிங்கை இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். நடுவில் மாவை வைத்து நான்கு மூலையையும் கூட்டி நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். முடிச்சுதான் இறுக்கம், உள்ளே மாவுக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டாக வேண்டும். மாவு உப்ப இடமில்லாவிட்டால் நடுவில் கல்லுப் போல நிற்கும், அல்லது துணி பிய்ந்து பாத்திரம் முழுக்கத் திராட்சை மிதக்கும்.

பெரிய பாத்திரத்தின் அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டு, மூட்டையின் முக்கால் உயரத்துக்குக் கொதிக்கும் தண்ணீர். மூன்றரை மணி நேரம், மூடி போட்டு, மெல்லிய கொதியில். தண்ணீர் ஒரு தடவைகூடக் கொதி அடங்கக் கூடாது. அடங்கினால் துணிவழியே தண்ணீர் உள்ளே புகுந்து தோலைக் கரைத்துவிடும். குறைந்ததை நிரப்பக் கெட்டிலில் எப்போதும் வெந்நீர் தயாராக இருக்கட்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். மூன்று மணிக்கு ஏற்றினால் ஆறரைக்கு இறங்கும். எடின்பரோவில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் மூன்றே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. மரத்துக்கு விளக்குக் கட்டுவது, குழந்தைகள் காகிதச் சங்கிலி ஒட்டுவது எல்லாம் இந்தப் பாத்திரத்தின் டபடபச் சத்தத்துக்குப் பக்கத்தில் நடந்தால் அரைமணிக்கொருமுறை தண்ணீரை எட்டிப் பார்க்க ஆள் இருக்கும்.

எடுத்ததும் மூட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் சில விநாடி முக்கி எடுக்க வேண்டும். துணி தோலை விட்டுக் கழல்வதற்கு இதுதான் வழி. முடிச்சை அவிழ்த்து, தட்டில் கவிழ்த்து, துணியை ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். அப்போது அது வெளுத்துப்போய், ஈரமாக, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். 180 டிகிரி ஓவனில் பதினைந்து நிமிடம் வைத்தால் தோல் உலர்ந்து கறுத்துத் தோல்செருப்பின் பளபளப்பு வந்துவிடும். அந்தக் காலத்தில் கணப்புக்கு முன்னால் வைத்துத் திருப்பித் திருப்பி உலர்த்தினார்கள். உள்ளே வெள்ளி மூன்று பென்னி நாணயம் போடும் வழக்கமும் இருந்தது. இப்போது போடுவதாக இருந்தால் பேக்கிங் காகிதத்தில் சுற்றி, எத்தனை போட்டோம் என்று எண்ணிவைத்துக்கொள்வது நல்லது, பல்லுக்கும் தொண்டைக்கும்.

ஆட்டத்தின் இடைவேளைச் சாப்பாட்டுக்கு ஸ்டோவீஸ். எட்டுப் பேருக்கு மாவுத்தன்மையுள்ள உருளைக்கிழங்கு 2 கிலோ, பெரிய வெங்காயம் நான்கு, மீந்த வறுத்த மாட்டிறைச்சி 400 கிராம், அதன் கொழுப்பு மூன்று மேசைக்கரண்டி, இறைச்சிச் சாறு 300 மில்லி. பாதிக் கிழங்கை மெல்லிய வில்லையாகவும் பாதியைக் கட்டியாகவும் நறுக்குவதுதான் நுட்பம்: வில்லை கரைந்து குழம்பாகும், கட்டி கட்டியாகவே நிற்கும். வெங்காயத்தைக் கொழுப்பில் நிதானமாக வதக்கி, கிழங்கும் சாறும் சேர்த்து மூடி ஒரு மணி நேரம் சிறு தீயில் விட வேண்டும். கரண்டி போட்டுக் கிளறாமல் பாத்திரத்தைக் குலுக்கிவிட்டால் போதும். இறைச்சி கடைசிப் பத்து நிமிடத்தில். சாறு அதிகமானால் மசியலாகிவிடும். ஓட்ஸ் பிஸ்கட்டான ஓட்கேக்கும் ஊறவைத்த பீட்ரூட்டும் பக்கத்தில். ஆட்டத்துக்கு முன்பே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தால் மூன்றாவது ஆட்டத்தில் பாதிப் பேர் நாற்காலியில் இருப்பார்கள், அதனால்தான் சாப்பாடு நடுவில்.

கூடத்துக்கு வருவோம். ஊர்ப் பொதுக்கூடத்தின் மரத்தரை உத்தமம், கான்கிரீட் தரை மறுநாள் முழங்காலைப் பதம் பார்க்கும். வெளியே பனி உறைந்தாலும் இரண்டு சன்னல் திறந்திருக்கட்டும், தண்ணீர்க் குவளைகள் ஓரத்தில் தயாராக இருக்கட்டும். வெறும் காலுறையோடு குழந்தைகளை விட வேண்டாம், வழுக்கும். கூர்மையான ஹீல்ஸும் ஆகாது. கில்ட் எனும் ஆண்களின் கட்டம்போட்ட பாவாடையைக் கட்டியவர்கள் முன்னால் தொங்கும் ஸ்போரன் பையை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிவிட்டு ஆடினால் எதிரில் இருப்பவர் தப்பிப்பார். கைக்கடிகாரம், கண்ணாடி வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். ஏன் என்பது ஸ்ட்ரிப் த வில்லோ வரும்போது தெரியும்.

ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து நடத்துபவர் காலர். நல்ல காலர் நீளமாகப் பேச மாட்டார். இசையில்லாமல் ஒருமுறை நடக்கவைப்பார், அடுத்தது இசையோடுதான். எல்லாம் எட்டு எட்டாக எண்ணும் கணக்கு.

முதல் ஆட்டம் பெரும்பாலும் கே கார்டன்ஸ். கார்டன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவின் பெயரால் வந்தது. ஜோடிகள் ஒரே பெரிய வட்டமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் முகம் வைத்து நிற்க வேண்டும். கோயிலை வலம் வந்தே பழகிய கால்களுக்கு இது தலைகீழ்த் திசை, முதல் நிமிடம் தடுமாறினால் குற்றமில்லை. ஆண் உள்ளே, பெண் வெளியே. ஆணின் வலக்கை பெண்ணின் தோளுக்கு மேலாகப் போய் அவள் வலக்கையைப் பிடிக்கும், இடக்கைகள் முன்னால் சேரும். நான்கு அடி முன்னோக்கி. பிடியை விடாமல் நின்ற இடத்திலேயே திரும்பி, அதே திசையில் நான்கு அடி பின்னோக்கி. இந்த ‘அதே திசையில்’ என்பதில்தான் மோதல் நடக்கிறது. பின்னோக்கி என்றதும் வந்த வழியே திரும்புவதாக நினைத்து எதிரே வருபவர் மேல் ஏறிவிடுகிறார்கள். முகம்தான் திரும்புகிறது, பயணம் திரும்புவதில்லை. பிறகு எதிர்த்திசையில் நான்கு அடி முன்னோக்கி, திரும்பி நான்கு அடி பின்னோக்கி. அடுத்த எட்டு எண்ணிக்கைக்கு ஆணின் உயர்த்திய வலக்கைக்குக் கீழே பெண் சுழல்வாள். கடைசி எட்டு எண்ணிக்கை ஜோடியாகத் துள்ளிச் சுழலும் போல்கா. சுழலும்போது விரலை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு முறுகும், கொக்கி போல் விரல் வளைவு மட்டும் போதும்.

அடுத்து டாஷிங் ஒயிட் சார்ஜன்ட் வைப்பது என் சிபாரிசு. மூவர் மூவராக எதிரெதிரே நிற்கும் ஆட்டம் என்பதால் ஒற்றைப்படைக் குடும்பத்துக்கும் ஜோடி இல்லாதவருக்கும் இடம் கிடைக்கும். ஆறு பேரும் கைகோத்து இடப்புறம் எட்டு எண்ணிக்கை, வலப்புறம் எட்டு. பிறகு நடுவில் இருப்பவர் வலப்பக்கத்தவருக்கு அடி வைத்து, இரு கை கோத்துச் சுற்றுவார், பின் இடப்பக்கத்தவருக்கும் அதே. அடி வைப்பது என்றால் பா டி பாஸ்க்: வலக்காலுக்குத் துள்ளி, இடக்காலை அதன் வளைவருகே வைத்து, மீண்டும் வலக்கால், பிறகு இடப்பக்கம் அதே போல். வராவிட்டால் ஒன்று-இரண்டு-மூன்று என்று மாற்றி மிதித்தாலும் யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். அடுத்தது மூவரும் எட்டு எண் வடிவில் ஊடுருவி ஓடுவது. பின்னல் கோலாட்டம் ஆடியவர்களுக்கு முன்னே ஒருவர், பின்னே ஒருவர் என்று நுழையும் இந்தப் போக்கு உடனே பிடிபடும். முடிவில் இரு வரிசையும் முன்னேறி மிதித்து, பின்வாங்கிக் கைதட்டி, ஒரு வரிசை கை தூக்க மற்றது அதன் கீழே புகுந்து அடுத்த மூவரைச் சந்திக்கும். எந்தத் திசையில் போகிறவர்கள் கை தூக்குவது என்று முன்பே முடிவு செய்து, உயரமானவர்களை அந்தத் திசையில் நிறுத்துங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் தூக்கிய வளைவுக்குள் ஆறடி ஆள் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நடுவில் ஆட்டம் தெரிந்தவர், இருபுறமும் புதியவர்கள்.

மூச்சு வாங்க செயின்ட் பெர்னார்ட்ஸ் வால்ட்ஸ். மூன்று பக்க அடி, இரண்டு மிதி, திரும்ப இரண்டு பக்க அடி. தாத்தா பாட்டிகளின் ஆட்டம் இதுதான்.

இடைவேளைக்கு முன் ஸ்ட்ரிப் த வில்லோ. நான்கு ஜோடி இரண்டு வரிசையாக நிற்க, முதல் ஜோடி வலக்கை கோத்துச் சுழலும். பிறகு பெண் ஆண்கள் வரிசையில் இறங்குவாள்: வரிசையில் உள்ளவருக்கு இடக்கை, நடுவில் தன் ஜோடிக்கு வலக்கை, அடுத்தவருக்கு இடக்கை, மறுபடி ஜோடிக்கு வலக்கை. அடிவரை போனதும் ஆண் பெண்கள் வரிசையில் அதே போல் மேலேறுவான், பிறகு இருவரும் சேர்ந்து இறங்குவார்கள். வலம் சொந்தம், இடம் அசல் என்று ஒரே வரியில் நினைவில் வைத்தால் தப்பு வராது. ஒவ்வொரு இடக்கைச் சுற்று முடியும்போதும் கண் ஜோடியைத் தேட வேண்டும், இல்லையென்றால் கால்வாசிச் சுற்று அதிகம் சுற்றி வேறெங்கோ நிற்பீர்கள்.

கைப்பிடிதான் இதில் உயிர். விரல் பிடித்தால் வேகத்தில் நழுவும், முழங்கை மடிப்பைக் கொக்கியாக மாட்டினால் தோள் இழுபடும். முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒருவர் முன்கையை மற்றவர் பிடித்து, கை சற்று மடங்கியிருக்க, இருவரும் ஒரே அளவு பின்னுக்குச் சாய வேண்டும். கட்டைவிரலால் கிள்ளிப் பிடித்தால் மறுநாள் நீலம் பாரிக்கும். குழந்தையைச் சுற்றும்போது இரு கையும் பிடித்து நடை வேகம்தான், கால் தரையை விட்டு எழும்பக் கூடாது. ஆர்க்னித் தீவு வகையில் கூடமே இரண்டு நீண்ட வரிசையாக நிற்கும், முந்தைய ஜோடி முடிக்கும் முன்பே அடுத்த ஜோடி கிளம்பிவிடும். ஆசையில் வரிசைகள் உள்ளே நகர்ந்து சந்து குறுகுவது வழக்கமான விபத்து. பின்னே போங்கள் என்று கத்த ஒருவர் வேண்டும்.

சாப்பிட்டபின் எய்ட்சம் ரீல் வைப்பவர்களும் உண்டு. எட்டுப் பேரும் முறைவைத்து ஒவ்வொருவராக நடுவில் நிற்கும் இந்த ஆட்டம் இசையை அளக்கும் ‘பார்’ கணக்கில் மொத்தம் 464 நீளம், எட்டு நிமிடத்துக்கு மேல். ஸ்டோவீஸ் உள்ளே போன பத்தாம் நிமிடத்தில் இதைத் தொடங்குவது கொடுமை. ஆட்டத்தைத் துல்லியமாகப் பயின்ற குடும்பங்கள் 51-ஆவது டிவிஷன் ரீல் ஆடும். 1940-இல் பிரான்சில் பிடிபட்டு ஜெர்மானிய முகாமில் அடைபட்ட ஸ்காட்லாந்துப் படையினர் உருவாக்கியது அது. ஆட்டத்தின் நடுவே ஆடுபவர்கள் கைகோத்து நிற்கும் கோலம் செயின்ட் ஆண்ட்ரூவின் சாய்ந்த சிலுவை, ஸ்காட்லாந்தின் கொடியில் இருப்பது. இத்தகைய ஆட்டங்களைப் பதிப்பித்துக் கற்பிக்கும் சங்கம் 1923-இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. அங்கே கால்விரல் நீட்டும் கோணத்துக்கும் மதிப்புண்டு, கேய்லியில் இல்லை. இரண்டையும் ஒரே இரவில் கலந்தால் ஒரு சாரார் முகம் சுளிப்பார்கள்.

கடைசியில் எல்லோரும் வட்டமாக நின்று, ராபர்ட் பர்ன்ஸ் 1788-இல் எழுதி அனுப்பிய ஆல்ட் லாங் ஸைன். ஸைன் என்பதில் ஒலி ‘ச’ பக்கம்தான், ‘ஜ’ பக்கம் போகக் கூடாது. பலரும் முதல் வரியிலேயே கையைக் குறுக்கே கட்டிக்கொள்கிறார்கள். ‘இதோ என் கை’ என்று பொருள்படும் கடைசிச் சரணம் வரை சாதாரணமாகக் கைகோத்து நிற்பதே முறை, குறுக்குப் பிடி அப்போதுதான்.

ஞாயிறு காலை கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளான அட்வென்டின் நான்காம் மெழுகுவர்த்தி ஏற்றி, ஆராதனைக்குப் போகிறவர்கள் போய் வந்தபின், மீந்த டம்ப்ளிங்கை ஒரு சென்டிமீட்டர் வில்லையாக அறுத்து வெண்ணெயில் பொரித்து முட்டை, பேக்கனோடு சாப்பிடுவது. முதல்நாள் கஸ்டர்டோடு சாப்பிட்டதைவிட இதுதான் ருசி என்பேன். தீ சிறிதாக இருக்கட்டும், உள்ளே இருக்கும் சர்க்கரை சட்டென்று கருகும். துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்தால் அடுத்த வருட டம்ப்ளிங்கில் சோப்பு வாசம் வரும். வெந்நீரில் மட்டும் அலசி, ஒருமுறை கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து மடித்து, கட்டிய நூலையும் அதற்குள்ளேயே சுருட்டி வைத்தால் அடுத்த டிசம்பரில் தேட வேண்டியிருக்காது.